வேன் மோதி வீடற்ற பெண் பலி

நிருபர் தாமோதரன் அனுப்பிய செய்தியை லோகேஸ்வரியின் விரல்கள்தான் முதலில் படித்தன. ஆறு மாதமாகப் பத்திரிகை அலுவலகத்தின் இந்த நாற்காலியில் உட்கார்ந்து நிருபர்களின் போலீஸ் செய்திகளை வெட்டி ஒட்டிப் பழகிய விரல்கள், அர்த்தம் உறைக்கும் முன்பே ஒரு காற்புள்ளியைத் தூக்கின, 'மதிய நேரத்தின்போது' என்றிருந்ததை 'மதியம்' ஆக்கின. பெரிய செய்தி இல்லை. நான்காம் பக்கத்தில், சமையல் எண்ணெய் விளம்பரத்துக்கு மேல் மிஞ்சியிருந்த சின்ன இடத்தில் ஒற்றைப் பத்தியாக அடைக்க வேண்டியது. பாரிமுனை அருகே சுண்ணாம்புக் கிடங்குத் தெருவில் நடைபாதையில் படுத்திருந்த, சுமார் ஐம்பது வயது மதிக்கத்தக்க வீடற்ற பெண் ஒருவர், பின்பக்கமாக வந்த சரக்கு வேன் மோதி உயிரிழந்தார், உடல் அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டது, போலீசார் விசாரிக்கின்றனர். 'கொண்டு செல்லப்பட்டது' நீளமாக இருக்கிறதே, 'அனுப்பப்பட்டது' போதுமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் தெருவின் பெயர் அவளுக்குள் விழுந்தது. அது அவளுடைய தெரு. காலையில் தலை வாரிப் பின்னிக்கொண்டு அவள் கிளம்பி வந்த தெரு. எங்கே தங்கியிருக்கிறாய் என்று இந்த அலுவலகத்தில் யார் கேட்டாலும் மண்ணடிப் பக்கம் என்றுதான் சொல்லிவைத்திருந்தாள். அதற்குமேல் யாரும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. மசாலா மண்டியின் பின்சுவரை ஒட்டிய நடைபாதையில் வரிசையாக நிற்கும் வீடுகளில், நீலத் தார்ப்பாய் போட்ட ஒன்று அவளுடையது. அம்மா பிறந்ததும் அங்கேதான், அவள் பிறந்ததும் அங்கேதான். அம்மா தேசம்மாவுக்கு ஐம்பது வயது. மதிக்கத்தக்கதோ இல்லையோ, ஐம்பது.

கைபேசியை எடுத்தாள். அணைத்துவைக்கப்பட்டிருக்கிறது என்று ஒரு பெண் குரல் நிதானமாகச் சொன்னது. இதில் பயப்பட ஒன்றுமில்லை, மதியத்தில் அம்மாவின் போன் ஜெராக்ஸ் கடையில் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும், அணைத்துப் போட்டால்தான் சீக்கிரம் ஏறும் என்று கடைக்காரர் அணைத்துவிடுவார், தினமும் நடப்பதுதான், தினமும் நடப்பது இன்றைக்கும் நடந்திருக்கிறது, அவ்வளவுதான். மறுபடி அழைத்தாள். அதே குரல், அதே நிதானம். அந்த வரிசையில் ஐம்பது மதிக்கத்தக்க பெண்கள் ஐந்தாறு பேர் இருக்கிறார்கள், ஐந்தாறு பேரில் ஒருத்திதான் அம்மா. இப்படி நினைத்தவுடன் மற்ற நான்கைந்து பேரில் யாராவது இருக்கட்டும் என்று வேண்டிக்கொள்கிறோம் என்பது தெரிந்தது. அந்த வேண்டுதலை வாயிலிருந்து துப்பிவிட வேண்டும்போல இருந்தது, ஆனால் துப்பவில்லை. எழுந்து ஓடலாம். ஓடினால் எங்கே என்று கேட்பார்கள். வீட்டில் பிரச்சினை என்று சொல்லலாம். என்ன பிரச்சினை, எந்த வீடு. நாளைக்குச் செய்தியில் வருவதுதான் எங்கள் வீட்டுப் பிரச்சினை என்று சொல்ல முடியுமா. இந்த மாதக் கடைசியில் பணி நிரந்தரம். ஒரு பயத்தின் வயிற்றுக்குள் இன்னொரு பயம் குந்திக்கொண்டு, முதலில் என்னைக் கவனி, என்னைக் கவனி என்றது. அம்மா காலையில் என்ன புடவை கட்டியிருந்தாள்? பச்சையா? பச்சை நேற்று. இல்லை, நேற்று மெரூன். டீ வாங்கிக் கொடுத்தாள், கோப்பையின் சூடு ஞாபகம் இருக்கிறது, சீக்கிரம் குடிடி பஸ்ஸு போயிடும் என்றது ஞாபகம் இருக்கிறது, கொடுத்த கையில் பூண்டு வாசனை அடித்ததுகூட ஞாபகம் இருக்கிறது, மண்டிக்குப் பூண்டு உரித்து உரித்து அந்தக் கையிலிருந்து அது போவதே இல்லை, ஆனால் புடவை? அம்மாவின் முகத்தையே பார்க்காமல் பையின் ஜிப்பை இழுத்துக்கொண்டே நின்றிருக்கிறாள்.

தாமோதரனை அழைத்தாள். "அண்ணே, அந்த வேன் செய்தி. பேரு என்னண்ணே?" எங்கோ போக்குவரத்துக்கு நடுவில் நின்றிருந்தார், ஹாரன் சத்தத்தோடு பதில் வந்தது. "எந்த வேன்? ஓ, அதுவா. பிளாட்பார கேஸும்மா. ஸ்டேஷன்ல பேரு தரலை." "நீங்க அங்க போனீங்களா?" "போனுலதான் வாங்கினேன். ஒரு நாளைக்கு எத்தனைன்னு போறது, சொல்லு." "அக்கம்பக்கத்துல யாரையாவது கேட்டிருந்தா" என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள். "என்ன புடவைன்னு சொன்னாங்களாண்ணே?" மறுமுனை சிரித்தது. "ஏம்மா, ஃபேஷன் பக்கத்துக்கா?" அவளும் சிரிப்பு மாதிரி ஏதோ ஒரு சத்தம் எழுப்பி வைத்துவிட்டாள். பக்கத்து மேசையில் பெனடிக்ட் நாளைய ராசிபலனைத் திருத்திக்கொண்டிருந்தான். ஞாயிறு தவறாமல் தேவாலயத்தில் கிடார் வாசிக்கிறவனுக்கு இந்தப் பத்தியைக் கொடுத்ததில் அவனுக்கு நிரந்தரக் குஷி. "என்ன லோகு, மூஞ்சி செத்துப்போச்சு? உன் ராசி என்ன சொல்லு, நாளைக்கு நல்லதா மாத்தி விடுறேன்." "தெரியாது." "ராசி தெரியாத பொண்ணா. சரி, பொதுவா சொல்றேன். மேலதிகாரிகளிடம் வாக்குவாதம் வேண்டாம்." அவன் நல்லவன்தான். நல்லவனிடமும் ஆறு மாதமாக அவள் அந்தத் தெருவின் பெயரைச் சொன்னதில்லை.

திரையில் அந்த வரி அப்படியே இருந்தது. வீடற்ற பெண் ஒருவர். ஆறு மாதத்தில் அந்தச் சொல்லை அவளே எத்தனை தடவை அடித்திருப்பாள். வீடற்றோருக்குப் போர்வை வழங்கல் என்றால் வழங்கியவரின் பெயர், பட்டம், சங்கத்தில் அவர் வகிக்கும் பதவி எல்லாம் வரும், வாங்கியவர்கள் வீடற்றோர். மழை வந்தால் வீடற்றோர் தவிப்பு. செல்போன் திருட்டா, வீடற்ற நபர் கைது. அதே பக்கத்தில் இன்னொரு திருட்டு இருக்கும், அதில் திருடியவனைச் சொந்தமாக இரண்டு படுக்கையறை வீடு உள்ள நபர் என்று யாரும் எழுத மாட்டார்கள். அவனுக்குப் பெயர் இருக்கும், வயது இருக்கும், தெரு இருக்கும். வீடற்றோரை அகற்றுவார்கள், மீட்பார்கள், அவர்கள்மேல் வண்டி மோதும். வீடற்றோர் மீன் குழம்பு வைத்தார்கள் என்றோ, வீடற்றோர் கல்யாணத்துக்குப் பந்தல் போட்டார்கள் என்றோ ஒரு வரி வந்ததில்லை. வேன் அடையாற்றில் ஒரு வீட்டுக்குள் புகுந்திருந்தால் வீட்டுக்குள் புகுந்த வேன் என்றுதான் தலைப்பு, தப்பு முழுக்க வேனுடையது. இங்கே அந்தச் சொல்லை வைத்ததும் தப்பு மெல்ல நகர்ந்து படுத்திருந்தவள் பக்கம் வந்துவிடுகிறது. அங்கே ஏன் படுத்தாள்? ஆனால் நியாயமாகவும் யோசிக்க வேண்டும். அம்மாவே சொல்கிறாளே, கவுன்சிலர் வரும்போதெல்லாம் வழிமறித்து நின்று, எங்களுக்கு ஊடு இல்ல சார், மூணு தலமொறையா கேக்குறோம் என்று. அம்மா சொன்னால் சரி, பத்திரிகை சொன்னால் தப்பா? லோகேஸ்வரி இந்த இடத்தில் எப்போதும் சிக்கிக்கொள்வாள், இப்போதும் சிக்கினாள். அம்மா கையை நீட்டி, கொடுக்க வேண்டியவன் முகத்தைப் பார்த்துக் கேட்கிறாள். கேட்டுவிட்டுத் திரும்பி வந்து, செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே நுழைகிறாள். அது நல்ல வீடு என்று லோகேஸ்வரி ஒருநாளும் சொல்லப்போவதில்லை. மழையில் ஒழுகும், எலி வரும், குளிக்கக் கட்டணக் கழிப்பிடத்தில் வரிசை நிற்க வேண்டும், பதின்மூன்று வயதிலிருந்து இரவில் அவள் ஒரு கையால் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டே தூங்கியிருக்கிறாள். மோசமான வீடு. மோசமான வீடு என்பதும் வீடே இல்லை என்பதும் ஒன்றா?

அந்த வரிசையில் ஒரு வழக்கம் உண்டு. யார் வீட்டுக்காவது புதிதாக மருமகள் வந்தால், இரண்டு பக்கத்து வீடுகளும் ஆளுக்கு ஒரு முழம் நகர்ந்து இடம் விட வேண்டும். தார்ப்பாய்க் கயிற்றை அவிழ்த்து, ஆணியைப் பிடுங்கி, சுவரில் வேறு இடம் பார்த்து அடித்து, அடுப்புக் கல்லை நகர்த்தி, பக்கத்தில் இருப்பவர் அடுத்தவரைக் கேட்டு, அவர் அதற்கடுத்தவரைக் கேட்டு, ஒரு நாள் முழுக்கத் தெருவே நகரும். முனகுவார்கள், சண்டை போடுவார்கள், கடைசியில் நகர்ந்துவிடுவார்கள். அப்படி நகர மாட்டேன் என்று அடம்பிடிக்கிற ஒரே ஆள் பவுனம்மா. பக்கத்து வீட்டுக்காரி. எப்படியும் நகர்வாள், ஆனால் மூன்று நாள் பேச்சு வாங்கிக்கொண்டுதான். லோகேஸ்வரி பன்னிரண்டாம் வகுப்பில் பாஸான வருடம் ஏதோ ஒரு பத்திரிகையிலிருந்து கேமராவோடு ஒருவர் வந்தார், வீடற்ற மாணவி சாதனை என்று போட. தெருவிளக்குக்குக் கீழே புத்தகத்தோடு உட்கார்ந்த மாதிரி ஒரு படம் வேண்டும் என்றார். அவள் தெருவிளக்குக்குக் கீழே படித்ததே இல்லை, கொசு பிடுங்கும். மாநகராட்சி நூலகத்தில் மின்விசிறிக்குக் கீழே படித்தாள். பயத்தில் மண்டியின் மூட்டைகளுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள். மூட்டை இடுக்கு வழியாகப் பார்த்தாள்: அந்த ஆள் ஷூவோடு பவுனம்மாவின் பாயில் ஏறி நின்று கோணம் பார்த்துக்கொண்டிருந்தார். பவுனம்மா வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கிவிட்டு நிதானமாகச் சொன்னாள். "தம்பி, செருப்ப வெளிய அவுத்துட்டு வா. ஊடு இது." அந்த ஆள் சிரித்தார். பவுனம்மா சிரிக்கவில்லை. படம் வராமலே போயிற்று.

மேசையில் கைபேசி அதிர்ந்தது. ஜெராக்ஸ் கடை எண். எடுத்தவள் எந்தக் குரல் வருகிறது என்று காதைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "லோகு," என்றாள் அம்மா. உலகத்தில் அந்த இரண்டு எழுத்துக்குமேல் எதுவும் வேண்டாம்போல இருந்தது. "லோகு, நம்ம பவுனு பூட்டாடி. வேன்காரன் பின்னாடி பாக்காம எடுத்துட்டான். கீரை ஆஞ்சினு இருந்தாடி, ஊட்டாண்ட குந்தினு. கொழம்புக்கு புளி இருக்குதான்னு என்னைக் கேட்டா, எடுக்கலாம்னு திரும்பினேன், அவ்ளோதான். இன்னா லைன்ல கீறியா?" "இருக்கேன்மா." "அழுவாத. வேலைய பாத்துட்டு வா. சவத்த நாளைக்குத்தான் குடுப்பாங்களாம்." அவள் அழவில்லை. செத்தது அம்மா இல்லை, அம்மா இல்லை என்று உள்ளே ஒரு சின்ன நாய் வாலை ஆட்டிக்கொண்டு சுற்றிச் சுற்றி ஓடியது. ஓடிக் களைத்து அது நின்ற இடத்தில் பவுனம்மா கீரைக் கட்டோடு உட்கார்ந்திருந்தாள். வெட்கமாக இருந்தது. பிறகு வெட்கத்துக்கு அடியிலிருந்து வேறொன்று கிளம்பியது, கோபம் என்று உடனே பெயர் வைக்க முடியாதது. அந்தச் சொல் அரை மணி நேரமாக அம்மாவையும் பவுனம்மாவையும் ஒரே பெண்ணாக்கி அவள்முன் வைத்திருந்தது. யார் செத்தாலும் அதே ஐந்து வரி. அவளே செத்திருந்தாலும் வயதை மட்டும் மாற்றினால் போதும்.

அடித்தாள். விரல்கள் இந்த முறை முந்திக்கொள்ளவில்லை. 'பாரிமுனை சுண்ணாம்புக் கிடங்குத் தெருவைச் சேர்ந்தவர் பவுனம்மா (52). மதியம் நடைபாதையில் உள்ள தன் வீட்டின்முன் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். மசாலா மண்டிக்குச் சரக்கு ஏற்ற வந்த வேனை டிரைவர் பின்பக்கமாக எடுத்தபோது, வேன் நடைபாதையில் ஏறி அவர்மீது மோதியது. அவர் அதே இடத்தில் உயிரிழந்தார்.' நடைபாதை என்பதை மறைக்கவில்லை, மறைத்தால் பொய். எல்லாரையும் எழுதுகிற மாதிரிதான் எழுதியிருந்தாள். வளசரவாக்கத்துக்காரர் செத்தாலும் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். படித்துப் பார்த்தாள். ஐந்து வரிதான் வந்திருந்தது, விளம்பரத்துக்குமேல் அடங்கும். பக்கத்தைப் பார்வைக்கு அனுப்பிவிட்டுக் காத்திருந்தாள். நான்காம் பக்கம் இருட்டுவதற்குள் அச்சுக்குப் போக வேண்டும். நாவுக்கரசன் சார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கூப்பிட்டது ஹால் முழுக்கக் கேட்டது. "லோகேஸ்வரி, இங்க வாம்மா."

செய்திப் பிரிவுக்கு அவர்தான் பொறுப்பு. கத்த மாட்டார், அதுதான் பயம். "தாமோதரன் குடுத்தது ஒண்ணு, நீ போட்டிருக்கறது ஒண்ணு. வீட்டின்முன்னுங்கற. வீடு எங்கம்மா இருக்கு?" "நடைபாதையில சார்." "நடைபாதையில இருந்தா அது வீடா?" இத்தனை நாளும் இந்தக் கேள்விக்கு மனசுக்குள் பக்கம் பக்கமாகப் பதில் எழுதி வைத்திருந்தவள் இவ்வளவுதான் சொன்னாள். "முப்பது வருஷமா அங்கதான் சார் ஆக்கிச் சாப்பிட்டு, புள்ள பெத்து, தூங்கி எழுந்தாங்க. வேற எப்படிச் சொல்றது?" அவர் திரையையே பார்த்தார். "சரி, அத விடு. பேரு போட்டிருக்க. ஸ்டேஷன்ல பேரு தரலை. நாளைக்கு செத்தது வேற ஆளுன்னு யாராவது வந்து நின்னா? பேரு யார் சொன்னது?" "பக்கத்துல இருக்கறவங்க." "யாரு? ஒரு ஆளு பேரு வேணும்மா, உனக்குத் தெரியாததா. சொன்னவங்க பேரோட போடு, இல்லன்னா பழையபடி வீடற்ற பெண்ணுன்னு போட்டு முடி. பக்கம் போகணும்." இதில் அவர் பக்கம்தான் நியாயம். பேர் சொல்ல ஆள் வேண்டும் என்பது அவளுக்கு முதல் வாரம் கற்றுக்கொடுத்தது. அம்மா பெயரைப் போடலாம், தேசம்மா என்று, யாருக்குத் தெரியப்போகிறது. போட்டால் உண்மைதான். ஆனால் அவர் அந்தத் தேசம்மாவை உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார், அதற்கு ஒரு பொய், அந்தப் பொய்க்கு முட்டுக்கொடுக்க இன்னொரு பொய். பவுனம்மா போன பிறகும் லோகேஸ்வரி மூட்டைகளுக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருக்கப்போகிறாளா? "நான்தான் சார் சொல்றேன். எங்க பக்கத்து வீடு."

பெனடிக்டின் தட்டச்சுச் சத்தம் நின்றது. நாவுக்கரசன் கண்ணாடியைக் கீழே இறக்கி மாட்டிக்கொண்டு அவளைப் பார்த்தார், ஆறு மாதத்தில் முதல் தடவையாக முழுசாக. "மண்ணடிப் பக்கம்னு சொன்ன?" "பயந்துட்டுச் சொன்னேன் சார்." பிறகு அவர் குரல் இறங்கியது, அவள் எதற்குப் பயந்தாளோ அந்த இடத்துக்கே வந்து சேர்ந்தது. "ஏம்மா, இத ஏன் நாலாம் பக்கத்துல வீணாக்கற? ஞாயிறு மலருக்கு எழுது. உன் கதை, அந்தம்மா கதை. உருக்கமா இருக்கும். உன் படம் ஒண்ணு வெச்சு நானே முதல் பக்கத்துல சுட்டிக்காட்டறேன்." மனசாரச் சொன்னார், அதனால் கோபப்பட வழியில்லை. லோகேஸ்வரி தன் காலைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள். "வேண்டாம் சார். எல்லாருக்கும் போடற மாதிரி இந்த அஞ்சு வரி போதும். சொன்ன ஆளு பேரு நான் சேக்கறேன்." குனிந்து அவருடைய விசைப்பலகையிலேயே அடித்தாள்: 'விபத்து குறித்து அவரது பக்கத்து வீட்டைச் சேர்ந்த ஆ. லோகேஸ்வரி (23) கூறுகையில், நடைபாதைமீது வேனை ஏற்றியது டிரைவரின் கவனக்குறைவே என அவரது தாயார் நேரில் பார்த்ததாகத் தெரிவித்தார்.' சுற்றி வளைக்கிறதே என்று அவளுக்கே பட்டது. அழித்துவிட்டு, 'இவ்வாறு பக்கத்து வீட்டைச் சேர்ந்த ஆ. லோகேஸ்வரி (23) தெரிவித்தார். விபத்தை அவரது தாயார் தேசம்மா நேரில் பார்த்துள்ளார்' என்று முடித்தாள். "இது அச்சுல வரும்மா," என்றார் அவர் மெதுவாக. "எல்லாரும் படிப்பாங்க." "படிக்கட்டும் சார்."

அவர் தலைப்புக்குப் போனார். அவள் வைத்திருந்தது 'நடைபாதையில் ஏறிய வேன்: பவுனம்மா பலி' என்று. பலிக்கு முன்னால் 'பரிதாப' என்று ஒரு சொல்லைச் சேர்த்தார், அவருக்குத் தெரிந்த ஆறுதல் அது. சேர்த்ததும் வரி உடைந்து மூன்றாவது வரிக்கு ஓடியது, விளம்பரத்தின் தலையில் இடித்தது. "நீளுதும்மா," என்றார். "பேரு உள்ள வருதுல்ல, தலைப்புல எடுத்துடலாமா? பெண் பரிதாப பலின்னு வெச்சா அடங்கும்." கூடாது என்று அவள் தலையசைத்தாள். அவர் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளி அவளுக்கு இடம் விட்டார். லோகேஸ்வரி குனிந்து 'பரிதாப' என்பதை எழுத்து எழுத்தாக அழித்தாள். வரி மேலேறி அடங்கியது. பவுனம்மா இருந்த இடத்திலேயே இருந்தாள். "அனுப்பலாம் சார்," என்றாள்.